உங்களுக்குத் தெரியுமா? கிரிவலத்துக்கு ஓர் ஆங்கில வினைச்சொல்

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்கு வேலூர்ப் பக்கமிருந்து வருவோர், கலெக்டர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலைக் கடந்துதான் கிரிவலத்துக்குப் போகிறார்கள். அந்த 14 கி.மீ. நடைக்கு ஆங்கில நூல்களில் வரும் வினைச்சொல் ‘சர்க்கம்ஆம்புலேட்’. லத்தீனில் ‘சர்க்கம்’ என்றால் சுற்றி, ‘ஆம்புலாரே’ என்றால் நடத்தல். ஆம்புலன்ஸுக்கும் இதே வேர்தான்!

‘வீ சர்க்கம்ஆம்புலேட்டட் த ஹில்’ என்றாலே போதும். ‘சுற்றி’ என்பது வினைக்குள்ளேயே இருப்பதால் ‘அரவுண்ட்’ சேர்க்கவேண்டாம். நாமும் ‘மலையை வலம் வந்தோம்’ என்று இரண்டாம் வேற்றுமையில்தானே சொல்கிறோம்? ஆனால் மலை நம் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும் என்பதை ‘வலம்’ சொல்லிவிடுகிறது. ஆங்கில வினை திசை சொல்லாது. ‘க்ளாக்வைஸ்’ என்று சேர்த்து எழுதினால்தான் வெளிநாட்டவருக்கு எந்தப் பக்கம் நடப்பதென்று புரியும்.