உங்களுக்குத் தெரியுமா? கர்னலில் கசியும் மெமரி

தண்டையார்பேட்டைக்காரர்களுக்குக் கசிவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013-இல் மண்ணுக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து நிலத்தடி நீரில் கலந்தது. தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. இயங்குதளத்தின் உயிர்நாடியான கர்னலிலும் மெமரி இப்படித்தான் சத்தமில்லாமல் கசியும்.

சாதாரண புரோகிராம் ஒன்று வாங்கிய மெமரியைத் திருப்பித் தர மறந்தாலும், அதை மூடியதும் கர்னல் எல்லாவற்றையும் வசூலித்துவிடும். கர்னலே மறந்தால்? அதை வசூலிக்க மேலே யாரும் இல்லை. ரீபூட் செய்தால்தான் உண்டு.

இந்தக் கசிவைப் பிடிக்கக் கேட்டலின் மரினாஸ் எழுதிய ‘கேமெம்லீக்’ 2009-இல் லினக்ஸ் கர்னலின் 2.6.31 பதிப்பில் சேர்ந்தது. வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை அது மெமரியைத் துழாவும். கொடுத்த ஒவ்வொரு துண்டின் முகவரியையும் யாராவது குறித்து வைத்திருக்கிறார்களா என்று தேடும். முகவரியே எங்கும் இல்லையென்றால், அந்தத் துண்டை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. அது அநாதை. அதைக் கேட்டு வாங்கிய வரி எது, அந்த வரியை அழைத்தது எது என்று வம்சாவளியோடு எழுதிக் கொடுத்துவிடும். சில நேரம் நல்ல துண்டையும் சந்தேகப்படும் என்பதால், கடைசித் தீர்ப்பு மனிதருடையது. எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான்.

கசிவே இல்லாவிட்டாலும், காலி மெமரி சிதறிக் கிடப்பது இன்னொரு சிக்கல். துறைமுக யார்டில் 40 அடி கன்டெய்னர் வைக்க, அடுத்தடுத்து இரண்டு 20 அடி இடம் வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நூறு இடம் காலியாக இருந்தும் பயனில்லை. கர்னலுக்கும் இதே தலைவலி. 4 கேபி பக்கங்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்து 8, 16 என்று 4 எம்பி வரை வளர்க்கும் ‘படி’ (buddy, கூட்டாளி) முறைதான் அங்கே கைகொடுக்கிறது. அதை 1963-இல் யோசித்தவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். 1990-இல் பொருளாதார நோபல் பெற்ற அதே மார்க்கோவிட்ஸ்!

திருப்பித் தந்த இடத்தை மறுபடி தொடுவது இன்னொரு குற்றம். சோதனை முறையில் கர்னல் அந்த இடத்தை 107 என்ற எண்ணால் நிரப்பி வைக்கும். கணினி விழுந்த இடத்தில் வரிசையாக 107 தென்பட்டால் காரணம் பிடிபட்டது.

புரோகிராம்களின் பேராசைக்கும் கடிவாளம் உண்டு. ஒரு குழுவாகச் சேர்த்த புரோகிராம்கள் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்று வரம்பு கட்டும் வசதி 2008-இல் லினக்ஸ் 2.6.25-இல் வந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர் ஐபிஎம்மின் இந்தியப் பொறியாளர் பல்பீர் சிங். புரோகிராம்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் இன்றைய ‘கன்டெய்னர்’ மென்பொருள்கள் மெமரியைக் கட்டுப்படுத்துவது அதை வைத்துத்தான்.

தமிழக அரசு தந்த பழைய மடிக்கணினி வீட்டில் இருக்கிறதா? சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதில் இருந்தால், ‘புராக்’ (/proc) கோப்புறைக்குள் ‘படி’ முறையின் கணக்கைக் காட்டும் ‘படிஇன்ஃபோ’ (buddyinfo) என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் இடமிருந்து வலமாக எண்கள் நிற்கும். காலியாக உள்ள துண்டுகளின் எண்ணிக்கை அவை: இடக்கோடியில் 4 கேபி துண்டுகள், வலக்கோடியில் 4 எம்பி துண்டுகள். இடப்பக்கம் பெரிய எண்ணும் வலப்பக்கம் பூஜ்ஜியமும் இருந்தால், உங்கள் யார்டில் 40 அடிப் பெட்டிக்கு இடமில்லை.