நினைவில் இல்லாத காதலன்

சனிக்கிழமை மதியம். பள்ளிக்கூடம் காலியாகிவிட்டது. அறிவியல் ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் முறை அன்றைக்கு மூன்று பேருக்கு: கசுகோ என்ற பெண், கோரோ, ஃபுகாமாச்சி என்ற இரண்டு பையன்கள். ஜப்பானில் இதெல்லாம் மாணவர்களே செய்ய வேண்டிய வேலை. பையன்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில், ஆளில்லாத ஆய்வகத்துக்குள் கண்ணாடி உடையும் சத்தம் கேட்கிறது. கசுகோ எட்டிப் பார்க்கிறாள். ஒரு நிழல் நகர்ந்து மறைகிறது. உடைந்த சோதனைக் குழாய், சிந்திய திரவம், அதிலிருந்து எழும் வெண்புகை. புகையில் ஓர் இனிய வாசனை. எங்கோ முகர்ந்த வாசனை, எங்கே என்றுதான் தெரியவில்லை. யோசிக்கும்போதே மயங்கி விழுகிறாள். அது லாவெண்டர் பூவின் வாசனை.

யசுடாகா சுட்சுயி எழுதிய 'காலத்தைத் தாண்டிய சிறுமி' இப்படித்தான் தொடங்குகிறது. இளைஞர்களுக்கான காலப் பயண நாவல், கூடவே ஒரு மர்மம், கூடவே ஒரு காதல் என்று இன்று கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் புத்தகங்களுக்கெல்லாம் மூத்தது இது. ஜப்பானில் அறுபது ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக இதைப் படிக்கிறார்கள். தலைமுறைக்கு ஒருமுறையாவது திரும்ப எடுக்கிறார்கள்.

இது வெளியான விதமே அழகு. 1965 நவம்பரில், காக்கென் நிறுவனம் நடுநிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்காக நடத்திய படிப்பு இதழில் தொடராக ஆரம்பித்தது. உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகள் இரவு பகலாகப் படிக்கும் மாதங்கள் அவை. நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நேரத்துப் பதற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் அந்தப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். தொடரும் அவர்களோடு கிளம்பி, அதே நிறுவனத்தின் உயர்நிலைப் பள்ளி முதலாண்டு இதழுக்கு மாறியது. 1966 மே மாதம், ஏழாவது பகுதியோடு முடிந்தது. ஒரு பள்ளியில் ஆரம்பித்த கதையின் முடிவை இன்னொரு பள்ளியில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். பழைய நண்பர்கள் பலர் அதற்குள் வேறு வேறு பள்ளிகளுக்குப் பிரிந்து போயிருப்பார்கள். பிரிவைப் பற்றிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான வாசகர்கள் கிடைக்க மாட்டார்கள்.

சுட்சுயிக்கு அப்போது முப்பத்தொரு வயது. கறுப்பு நகைச்சுவைக்கும் முரட்டுத்தனமான நையாண்டிக்கும் பெயர் போனவர் அவர். பின்னாளில் 'பாப்ரிகா' எழுதியவரும் அவர்தான். பெரியவர்களுக்கு எழுதும்போது யாரையும் விட்டுவைக்காத அந்தக் கை, பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதும்போது எவ்வளவு மென்மையாக இருந்திருக்கிறது!

கதைக்கு வருவோம். மயங்கி விழுந்து மூன்று நாள் கழித்து, இரவில் ஒரு நிலநடுக்கம். கோரோவின் வீட்டருகே தீ. மறுநாள் காலை தூங்கி எழத் தாமதமாகி, கசுகோவும் கோரோவும் பள்ளிக்கு ஓடுகிறார்கள். சாலையைக் கடக்கும்போது ஒரு லாரி அவர்கள்மேல் பாய்ந்து வருகிறது. கண்ணை மூடித் திறந்தால் கசுகோ தன் படுக்கையில் கிடக்கிறாள். பள்ளிக்குப் போனால் முந்தைய நாள் நடந்த கணக்குப் பாடத்தையே மறுபடி நடத்துகிறார்கள். இருபத்துநான்கு மணி நேரம் பின்னால் வந்துவிட்டாள்.

அந்தக் கணக்கு வகுப்பைச் சுட்சுயி எழுதியிருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். விடை தெரிந்த கணக்கு பலகையில் வருகிறது. எந்த மாணவிக்கும் இது கனவு அல்லவா? கசுகோவுக்கோ கைகால் உதறுகிறது. இன்றிரவு பூமி அதிரும் என்பது வகுப்பிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். யாரிடம் சொல்வது, யார் நம்புவார்கள்? அவளுடைய முதல் பயம் பேய் பிசாசு பற்றியது அல்ல. மற்றவர்கள் தன்னை விநோதமாகப் பார்ப்பார்களே என்பதுதான். பதின்பருவத்தை இவ்வளவு சரியாகத் தொட்ட இடம் இந்த வகைக் கதைகளில் குறைவு. நண்பர்களிடம் சொல்கிறாள். கோரோ நம்ப மறுக்கிறான். ஃபுகாமாச்சி அமைதியாகக் கேட்டுக்கொள்கிறான். அன்றிரவு நிலநடுக்கம் வந்ததும் மூவரும் ஃபுகுஷிமா என்ற அறிவியல் ஆசிரியரிடம் போகிறார்கள். எல்லாம் தொடங்கிய அந்தச் சனிக்கிழமைக்கே திரும்பிப் போய்ப் பார், ஆய்வகத்தில் இருந்தது யார் என்று கண்டுபிடி என்கிறார் அவர்.

இனி முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச முடியாது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் நாவலைப் படித்துவிட்டு இங்கே திரும்பி வரலாம்.

ஆய்வகத்தில் இருந்தது ஃபுகாமாச்சி. அவன் அவளுடைய வகுப்புத் தோழனே அல்ல. கி.பி. 2660-இலிருந்து வந்தவன், இயற்பெயர் கென் சோகோரு. தான் கண்டுபிடித்த மருந்தைச் சோதிக்கக் கடந்த காலத்துக்கு வந்து, திரும்பிப் போக மருந்தில்லாமல் மாட்டிக்கொண்டவன். அதைத் தயாரிக்க அவனுக்கு லாவெண்டர் வேண்டும். அவன் இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சிறு வயதிலிருந்தே அவனைத் தெரியும் என்று எல்லோரும் நினைப்பது, அவர்கள் மனத்தில் அவன் பதித்த பொய் நினைவு.

மர்மம் அவிழும் இதே நொடியில்தான் காதலும் வெளிப்படுகிறது. அவன் அவளை விரும்புவதாகச் சொல்கிறான். அடுத்த நொடியே, தன்னைப் பற்றிய எல்லா நினைவையும் அழித்துவிட்டுப் போக வேண்டும் என்கிறான். அது அவன் காலத்துச் சட்டம். கசுகோ கெஞ்சுகிறாள்: யாரிடமும் சொல்ல மாட்டேன், எனக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறேன். அவன் இணங்கவில்லை. மீண்டும் வருவேன், ஆனால் உனக்கு முன்பின் தெரியாத புதிய ஆளாக வருவேன் என்கிறான். அவளுக்கு எல்லாம் மறந்துபோகிறது. கடைசிப் பக்கத்தில் அவளிடம் மிஞ்சுவது ஒரு வாசனையும், யாரோ ஒருவரை என்றோ சந்திக்கப் போகிறோம் என்ற காரணமில்லாத எதிர்பார்ப்பும்.

காலப் பயணக் கதை என்றாலே நடந்த தவறைத் திருத்துவது, இழந்ததை மீட்பது என்று வாசகர் எதிர்பார்ப்பார். இங்கே லாரி விபத்து தவிர்க்கப்படுகிறது, உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் அதற்கெல்லாம் விலையாக அவளுடைய நினைவு போகிறது. இந்த நாவலின் உயிர் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அவள் நேசித்தது யாரை? பொய்யாகப் புகுத்தப்பட்ட பால்ய நண்பனையா, கண்ணெதிரே நின்ற அந்நியனையா? அந்த நினைவை அழிக்கும் உரிமை அவனுக்கு யார் கொடுத்தது? சுட்சுயி இந்தக் கேள்விகளை நேராகக் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள்.

1972 புத்தாண்டு நாளில் என்.எச்.கே. தொலைக்காட்சி இதைத் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. வரவேற்பைப் பார்த்து அதே ஆண்டில் இரண்டாவது தொடரும் எடுத்தார்கள். வீடியோ நாடா விலை உயர்ந்திருந்த காலம் அது. ஒளிபரப்பானதும் அழித்து, வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவார்கள். முதல் தொடரும் அப்படியே அழிந்தது. ஒரு நேயர் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்ததால் கடைசிப் பகுதி மட்டும் பிழைத்தது.

நாவலை மறக்க முடியாததாக்கியவர் இயக்குநர் நொபுஹிகோ ஒபயாஷி. 1983-இல் தன் சொந்த ஊரான ஒனோமிச்சியிலும் பக்கத்திலுள்ள டகேஹாராவிலும் படம் பிடித்தார். மலைச்சரிவில் ஓடு வேய்ந்த வீடுகள், படிக்கட்டுச் சந்துகள், கீழே கடல். கசுகோவாக நடித்த டோமோயோ ஹரடாவுக்கு அப்போது பதினைந்து வயதுதான். கறுப்பு வெள்ளையில் தொடங்கும் படத்தில் நிறம் மெல்ல மெல்லக் கசிந்து வருகிறது. ஆனால் ஒபயாஷி செய்த பெரிய காரியம் வேறு. சிறு வயதில் ஃபுகாமாச்சியும் தானும் கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்டதாகக் கசுகோவுக்கு ஒரு நினைவு. அவன் கையைப் பார்க்கிறாள், தழும்பு இல்லை. தழும்பு இருப்பது கோரோவின் கையில். அவள் பொக்கிஷமாக வைத்திருந்த நினைவு கோரோவுக்குச் சொந்தமானது. அதைத்தான் எதிர்காலத்துப் பையன் எடுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்டிருக்கிறான். நாவலில் இல்லாத இந்தத் தழும்பு, நாவல் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்டுவிடுகிறது. பேரனை இழந்த முதிய தம்பதியின் வீட்டில் அந்தப் பேரனாகவே அவன் தங்கியிருந்தான் என்பதும் தெரிய வரும்போது, காதல் கதைக்குள் துக்கமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில், வளர்ந்து ஆராய்ச்சியாளராகிவிட்ட கசுகோ ஒரு தாழ்வாரத்தில் அவனைக் கடந்து போகிறாள். அடையாளம் தெரியவில்லை.

2006-இல் மமோரு ஹொசோடா எடுத்த அனிமேஷன் படம் பதிலையே மாற்றிவிட்டது. இதில் கசுகோ நடுவயதுப் பெண், அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் சீரமைப்பவர். நாயகி அவருடைய அக்கா மகள் மகோட்டோ. இவள் காலத் தாவலை விளையாட்டாகவே பயன்படுத்துகிறாள்: தேர்வில் மதிப்பெண் வாங்க, கரோகேயில் கூடுதல் நேரம் பாட, நண்பன் காதலைச் சொல்ல வரும்போதெல்லாம் பேச்சை மாற்ற. அந்த மூன்றாவது தப்புக்குத்தான் அவள் பெரிய விலை கொடுக்கிறாள். சியாகி என்ற அந்த நண்பனும் எதிர்காலத்திலிருந்து வந்தவனே. ஆனால் அவன் அவளுடைய நினைவை அழிக்காமல் போகிறான். மகோட்டோ எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாழப் போகிறாள். 1966-இல் கசுகோ கெஞ்சிக் கேட்டும் கிடைக்காதது நாற்பது ஆண்டு கழித்து அவள் அக்கா மகளுக்குக் கிடைத்தது. நினைவு அந்தப் பெண்ணுடையது, அதை வைத்திருப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவளும் அவள்தான் என்று ஹொசோடா சொல்லிவிட்டார். குறைந்த திரையரங்குகளில் வெளியாகி, பார்த்தவர்கள் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லியே ஓடிய படம் அது. ஜப்பான் அகாடமி விருதுகளில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான பரிசு முதல் முறையாகத் தரப்பட்டபோது, அதைப் பெற்றதும் இதுதான்.

பிற மொழிகளில் இந்த வகை வேறு பாதைகளில் போயிருக்கிறது. ஜெர்மன் எழுத்தாளர் கெர்ஸ்டின் கீர் 2009-இல் தொடங்கிய மூன்று பாக வரிசையில் லண்டன் மாளிகைகள், ரகசியச் சங்கம், காலத்தில் அனுப்பும் இயந்திரம், சண்டையில் ஆரம்பித்துக் காதலில் முடியும் ஜோடி என்று எல்லாமே உண்டு. விறுவிறுப்பானவை, விரும்பியே படித்தேன். ஆனால் அங்கே மர்மம் தனியாகவும் காதல் தனியாகவும் நடக்கின்றன. ஒன்று சலித்தால் மற்றொன்று கைகொடுக்கும். சுட்சுயியின் சிறிய நாவலில் இரண்டையும் பிரிக்க முடியாது. யார் அவன் என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலே அவனை அவளிடமிருந்து பறித்துவிடுகிறது.

டேவிட் கராஷிமா செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2011-இல் வந்தது. ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். வீட்டில் பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால் நீங்களும் சேர்ந்தே படியுங்கள். அதன் பிறகு ஒபயாஷியின் படம், கடைசியாக ஹொசோடாவின் படம். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். கசுகோ எதை இழந்தாள் என்று தெரிந்து பார்த்தால்தான் மகோட்டோ எதைப் பெற்றாள் என்பது புரியும்.