வெங்காயத்துக்குள் பூமி

செட்டிகுளத்துப் பிள்ளைகளே, சின்ன வெங்காயத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. காய் முற்றிவிட்டதா என்பதைத் தாளைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். அடியில் கல் பரப்பி, சுற்றிலும் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்து, காற்று ஊடாடும்படி பட்டறை போடுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். அந்தப் பட்டறையிலிருந்து ஒரே ஒரு வெங்காயம் எடுத்து வாருங்கள். இன்றைக்கு அதுதான் நமக்குப் பூமி.

குறுக்களவு 3 சென்டிமீட்டர் இருக்கிற காயாக எடுங்கள். நிஜப் பூமியில் நம் காலடியிலிருந்து நடு மையத்துக்கு 6,371 கிலோமீட்டர். அதை ஒன்றரை சென்டிமீட்டருக்குள் சுருக்கினால், பச்சைமலையையும் உங்கள் வயலையும் கிணற்றையும் சுமக்கிற பாறை ஓடு எவ்வளவு தடிப்பு இருக்கும்? உரிக்கும்போது விரலில் ஒட்டிக்கொண்டு பறக்குமே ஒரு சருகு, ஏறத்தாழ அவ்வளவுதான். உங்கள் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரம் இருக்கிறதே, 18 மீட்டர் நீளம், 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, அதுவும் இந்தச் சருகின் மேல்பூச்சில் கிடைத்ததுதான்.

ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் ஒரு துளை போடத் தொடங்கினார்கள். ஏறக்குறைய இருபது வருடம் பாடுபட்டு 12,262 மீட்டர் இறங்கினார்கள். அங்கே சூடு 180 டிகிரி. அதற்குக் கீழே துளைக்க முடியவில்லை. அவ்வளவு ஆழத் துளையும் நம் வெங்காயத்தின் சருகைத் தாண்டவில்லை!

பிறகு எப்படி உள்ளே இருப்பது தெரிந்தது?

இதை 1917இலேயே தமிழில் எழுதப் புகுந்தார் ஒருவர். பெ.நா. அப்புஸ்வாமி. திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்தில் 1891இல் பிறந்தவர். படித்தது சட்டம், பார்த்தது வக்கீல் தொழில். ‘தமிழர் நேசன்’ இதழில் வந்த அவருடைய முதல் அறிவியல் கட்டுரையே பூமியின் உட்புறத்தைப் பற்றியதுதான். அப்போது அந்த விஷயம் உலகத்துக்கே புதுசு. எவ்வளவு புதுசு என்று கேளுங்கள்.

1897 ஜூன் 12. அசாமில் பெரிய நிலநடுக்கம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஓல்டாம் என்பவர் அதை ஆராய்ந்தார். தொலைதூர நாடுகளின் கருவிகளில்கூட அதன் அதிர்வு பதிவாகியிருந்தது. ஒரே அதிர்வல்ல. முதலில் ஒன்று, சற்றுப் பின்னால் இன்னொன்று.

கோயிலில் வரிசையாக நிற்கும்போது பின்னால் ஒருவர் தள்ளினால், அந்தத் தள்ளல் ஒவ்வொருவராகக் கடந்து முன்வரிசை வரை போகும் இல்லையா? முதல் அலை அப்படி. கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறுநுனியைப் பக்கவாட்டில் உதறுங்கள். பாம்புபோல் நெளிந்து ஓடும். இரண்டாவது அலை இப்படி. இந்த இரண்டாவது அலைக்குத் திரவத்துக்குள் வழி கிடையாது. தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டுப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தண்ணீர் வழுக்கி விலகும், கயிறுபோல் இழுத்துக்கொண்டு வராது.

பூமியின் நடுவழியாக வரும் அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வருகின்றன, ஆகவே நடுவில் வேறொரு பொருள் இருக்கிறது என்று ஓல்டாம் 1906இல் எழுதினார். அதற்குப் பதினொரு வருடம் கழித்து வந்ததுதான் அப்புஸ்வாமியின் கட்டுரை. இரண்டாவது அலை அந்த நடுப்பகுதியைக் கடந்து வராததால், அதன் வெளிப்புறம் திரவம், அதாவது உருகிய இரும்பு, என்பது பிறகு தெளிவானது. அதற்கும் உள்ளே ஒரு கெட்டி உருண்டை இருக்கிறது என்று டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண்மணி 1936இல் கண்டார்.

அப்புஸ்வாமியை நான் மிகவும் மதிப்பதற்குக் காரணம், அவர் எழுதத் தொடங்கியபோது தமிழில் அறிவியல் பேசப் பொதுவான சொற்கள்கூட நிலைபெற்றிருக்கவில்லை. பின்னாளில் சங்கப் பாட்டுகளை ஆங்கிலத்தில் தந்தவரும் அவர்தான். இரண்டு மொழியும் கைவந்தவர். ‘அற்புத உலகம்’ போன்ற புத்தகங்களும் ஏராளமான கட்டுரைகளும் எழுதி, 94 வயதில், 1986இல் காலமானார்.

இப்போது வெங்காயத்தைக் குறுக்கே வெட்டுங்கள். விளிம்பிலிருந்து 7 மில்லிமீட்டர் உள்ளே பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். நிஜப் பூமியில் அது 2,900 கிலோமீட்டர் ஆழம். அதுவரை பாறை, அதற்குள்ளே உருகிய இரும்பு. நட்டநடுவில் ஒரு மிளகை வைத்தால் லேமனின் உருண்டை. இதைக் கொண்டுபோய் அம்மாவிடமோ ஆயாவிடமோ சொல்லிக் காட்டுங்கள். “புரியலையே சாமி” என்று எந்த இடத்தில் சொல்கிறார்களோ, அந்த இடத்தில் வேறு சொல் தேடுங்கள். கண்டுபிடித்த சொல்லை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.