செயலிகளின் தரவுத்தளத்தில் பதிவுக் கோப்பு பெருப்பது ஏன்?

கைப்பேசிச் செயலிகள் பலவும் தரவுகளை 'எஸ்கியூலைட்' தரவுத்தளத்தில் சேமிக்கின்றன. தனி சர்வர் ஏதுமின்றி, செயலிக்குள்ளேயே அடங்கி இயங்குவது இதன் சிறப்பு.

2010-ஆம் ஆண்டு வெளியான 3.7.0 பதிப்பில், மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறை அறிமுகமானது. கடைகளில் அன்றாட வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதி, பின்னர் பேரேட்டுக்கு மாற்றுவதைப் போன்றது இது. பதிவு 1,000 பக்கங்களை எட்டியதும், அவற்றை முதன்மைக் கோப்புக்கு மாற்றும் பணி தானாகத் தொடங்கும். ஒரு பக்கம் வழக்கமாக 4,096 பைட். ஆக, ஏறத்தாழ 4 எம்.பி.

இந்த அளவைச் செயலியை உருவாக்குவோர் மாற்றியமைக்கலாம். குறைத்தால், மாற்றும் பணி அடிக்கடி நிகழ்ந்து எழுதும் வேகம் குறையும். கூட்டினால், நீண்ட பதிவிலும் தேட வேண்டியிருப்பதால் வாசிப்பு மந்தமாகும்.

ஆனால், இந்த அளவு உச்சவரம்பு அல்ல. பலரும் தவறுவது இங்குதான். தரவுகளைப் படிக்கத் தொடங்கிய ஓர் இணைப்பு அதை முடிக்காமல் நீடித்தால், பதிவுக் கோப்பை மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுத இயலாது. புதிய மாற்றங்கள் சேரச்சேர கோப்பு வளர்ந்துகொண்டே போகும். கோப்பின் அளவுக்குத் தனியே வரம்பு நிர்ணயித்திருந்தாலும், மாற்றும் பணி முழுமையடைந்து பதிவு புதிதாகத் தொடங்கும்போதுதான் அது சுருங்கும். ஆகவே, அளவை மாற்றுவதைவிட வாசிப்புகளை விரைந்து முடிப்பதே உரிய தீர்வு.

இடத்தை மிச்சப்படுத்த எண்ணி அக்கோப்பை அழிப்பது ஆபத்தானது. முதன்மைக் கோப்புக்கு இன்னும் மாற்றப்படாத தரவுகள் அதில் மட்டுமே இருக்கும். காப்புப் பிரதி எடுக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தாலும் இதே இழப்பு நேரிடக்கூடும். கடைசி இணைப்பும் முறையாக மூடப்படும்போது, எஸ்கியூலைட் தானாகவே தரவுகளை மாற்றிவிட்டு பதிவுக் கோப்பை நீக்கிவிடும்.