கலவையில் சோப்பு எதற்கு?

வீட்டின் பின்புறம் சமையலறையை நீட்டிக் கட்டும்போது கவனித்திருப்பீர்கள். கான்கிரீட் கலவை மண்வெட்டிக்கு மசியவில்லை என்றால் இன்னும் அரை வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள். சிலர் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கொஞ்சம் விடுவார்கள். கலவை உடனே இளகிவிடும். ஆனால் இறுகிய பிறகு அது எவ்வளவு பாரம் தாங்கும்?

முதலில் தண்ணீர். 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 25 லிட்டர் என்பது பொதுவான அளவு. அதை 30 லிட்டராக்கினால் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சிமெண்டுடன் சேராமல் மிஞ்சும் நீர் ஆவியாகி, நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஆப்ராம்ஸ் 1918லேயே இதை எடுத்துச் சொன்னார். மழையில் நனைந்த மணலில் இருக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும். அதை யாரும் கழிப்பதில்லை.

சோப்பின் வேலை வேறு. அதன் நுரை கலவைக்குள் குட்டிக் காற்றுக் குமிழ்களாகத் தங்குகிறது. மணல் அவற்றின் மேல் உருண்டு நழுவுவதால் கலவை இளகுகிறது. ஆனால் காற்று 1 விழுக்காடு கூடினால் வலிமை சுமார் 5 விழுக்காடு குறையும். பனி உறையும் நாடுகளில் வேண்டுமென்றே காற்றைச் சேர்க்கிறார்கள். உறையும் நீர் விரிய இடம் வேண்டுமே! அங்கும் அதற்கென உள்ள ரசாயனத்தை அளந்துதான் சேர்ப்பார்கள். நம் வெயிலில் அதற்குத் தேவையே இல்லை.

சீனி போட்டால் கெட்டிப்படும் என்பது சுண்ணாம்புக் காலத்துப் பேச்சு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்ப் பூச்சில் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சீனி, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் சேர்ந்தன. சிமெண்டில் கதை தலைகீழ். மூட்டைக்கு 25 கிராம் சீனி, இறுகுவதைச் சில மணி நேரம் தள்ளிப்போடும். 100 கிராமைத் தாண்டினால் கலவை இறுகாமலே கிடக்கலாம்.

முறையான வழி பிளாஸ்டிசைசர். நீரில் சிமெண்டுத் துகள்கள் கட்டிகட்டியாக ஒட்டி, நடுவே தண்ணீரைச் சிறைப்பிடிக்கின்றன. பிளாஸ்டிசைசர் அவற்றைப் பிரித்து அந்த நீரை விடுவிக்கிறது. தண்ணீர் கூட்டாமலே கலவை இளகும். இன்றைய உயர்திறன் வகைகளில் முன்னோடியான ஒன்றை 1960களில் உருவாக்கியது ஜப்பானின் காவோ சோப்பு நிறுவனம் என்பது வேடிக்கை! கட்டுமானப் பொருள் கடைகளில் பிளாஸ்டிசைசர் போத்தலில் கிடைக்கும். மூட்டைக்கு எத்தனை மில்லி லிட்டர் என்று அதிலேயே போட்டிருக்கும். தூண், உத்தரம், மேல்தளம் எதுவானாலும் வேலை தொடங்கும் முன் அந்தப் போத்தலைக் குத்தகையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.