கல்லில் போடும் முன் கேளுங்கள்

சென்னை முதல் தூத்துக்குடி வரை, நல்ல மீனை நியாயமான விலைக்குச் சாப்பிட வேண்டுமென்றால் நான்கைந்து மேசை போட்ட சிறு மீன் கடைகளைத்தான் தேடிப் போகிறோம். அவை நீடிக்க வேண்டும். ஆனால் அங்கே நம்முடைய பாதுகாப்பு நாக்கையும் மூக்கையும் கடைக்காரரோடு உள்ள பழக்கத்தையும் மட்டுமே நம்பி நிற்கிறது. மீன் விஷயத்தில் இந்த மூன்றும் போதாது. மீன் கல்லில் விழுமுன் கேட்கும் கேள்வியும், கை கழுவிவிட்டு வாங்கும் பில்லும் இல்லாவிட்டால், சட்டம் தந்திருக்கும் உரிமைகள் ஏட்டிலேயே கிடக்கும்.

‘நன்றாகப் பொரித்துவிட்டால் எல்லாக் கெடுதலும் போய்விடும்’ என்பதுதான் முதலில் வரும் மறுப்பு. இது பாதி உண்மை. சூட்டில் கிருமிகள் பெரும்பாலும் சாகும். ஆனால் அவை ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட நஞ்சு சாகாது. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே அதிகம். பிடித்த மீன் போதிய ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அதைக் கொதிக்கும் எண்ணெயும் அழிக்காது, பிறகு ஃப்ரீசரில் வைப்பதும் அழிக்காது. மீன் நாறாமலும் இருக்கலாம். மிளகாய் விழுது தடவிய பிறகு நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, உடம்பு அரிக்கும். ‘மீன் எனக்குச் சேராது’ என்று பலரும் அத்தோடு முடிவு கட்டிவிடுகிறார்கள். கோளாறு அவர்கள் உடம்பில் இல்லாமல் கடையின் ஐஸ் பெட்டியில் இருந்திருக்கலாம். 2018-ல் கேரள அரசின் ‘சாகர் ராணி’ சோதனைகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டதிலிருந்து ஃபார்மலின் பயம் வீடுதோறும் பரவியிருக்கிறது. அந்தப் பயம் தேவையானதுதான். ஆனால் ஐஸ் பற்றாக்குறையைப் பற்றி அதில் கால்வாசிகூட நாம் பேசுவதில்லை.

உண்மையான ஒவ்வாமை வேறு. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் வெந்தாலும் அழிவதில்லை. இறால் பொரித்த எண்ணெயில் மீனைப் பொரித்தாலே சிலருக்கு மூச்சு முட்டும். ஒவ்வாமைப் பொருள்களை மெனுவில் குறிப்பிட வேண்டும் என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி, மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்களைக் குறிவைத்தே எழுதப்பட்டது. தனிக் கடைக்கு அது பொருந்தாது. ஆகவே ‘இறாலுக்கும் மீனுக்கும் ஒரே எண்ணெயா?’ என்று நாம்தான் கேட்க வேண்டும். என்ன மீன், எப்போது வந்தது, இந்தத் துண்டு எவ்வளவு எடை, என்ன விலை என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மே மாதத்தில் ‘காலையில் வந்த வஞ்சிரம்’ என்று சொன்னால், நாட்டுப்படகில் வந்ததா, வெளி மாநிலத்திலிருந்து ஐஸில் வந்ததா என்று கேட்பதில் தவறே இல்லை. தரம், அளவு, தூய்மை, விலை பற்றித் தெரிந்துகொள்வது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. வஞ்சிரம் என்று சொல்லி வேறு மீனைக் கொடுத்தால், கேட்ட பொருளைத் தராத குற்றத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 50-வது பிரிவின் கீழ் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

‘அன்றாடம் உழைத்துப் பிழைக்கிறவரைச் சட்டம் காட்டி மிரட்டலாமா?’ என்ற கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. சட்டமும் அதை நினைத்துப் பார்த்திருக்கிறது. பதிவு மட்டும் பெற்று நடத்தும் சிறு வணிகர்களுக்கு அதே 50-வது பிரிவு அபராதத்தை 25,000 ரூபாய்க்குள் நிறுத்துகிறது. குறை கண்ட அதிகாரி 32-வது பிரிவின்படி மேம்பாட்டு நோட்டீஸ் கொடுத்து, திருத்திக்கொள்ள 14 நாளுக்குக் குறையாத அவகாசம் தரலாம். ஆகவே ஒரு புகார் போனதும் கடை மூடப்படும் என்பது மிகையான அச்சம். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஐஸுக்கும் நல்ல எண்ணெய்க்கும் தினமும் செலவழிக்கிற கடைக்காரர், அதை மிச்சம் பிடிக்கிறவரோடு அதே தெருவில் போட்டி போடுகிறார். யாரும் கேள்வி கேட்காத தெருவில் நஷ்டப்படுகிறவர் முதலாமவர்தான்.

பில்லுக்கு வருவோம். பில் தர மறுப்பதே 2019 சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தால் போதாது. மீனின் பெயரும் விலையும் தேதியும் இருக்கட்டும். கடையின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணும் 2022 ஜனவரி முதல் பில்லில் இருந்தாக வேண்டும். ஜிபே செய்த பதிவு பணம் கொடுத்ததைக் காட்டும், என்ன சாப்பிட்டீர்கள் என்பதைக் காட்டாது. பில்லில் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ள சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது.

சாப்பிட்டபின் உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் நேராக அவசரப் பிரிவுக்கு. எந்த மீன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எப்போது அறிகுறி தொடங்கியது என்பதைச் சொல்லி, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு பில், கடை முகவரியோடு புகார் அனுப்பலாம். அன்றைக்கே அனுப்புவது முக்கியம். மறுநாள் அந்த மீன் கடையில் இருக்காது, அதிகாரி மாதிரி எடுக்கவும் முடியாது. நாமே மீனைப் பகுப்பாய்வுக்கு அனுப்ப உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு இடம் தருகிறது என்றாலும், வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதால் சாப்பிட்டு முடித்தவருக்கு அது உதவாது. பாதுகாப்பற்ற உணவால் பாதிப்பு நேர்ந்தது நிரூபணமானால் அதே சட்டத்தின் 65-வது பிரிவின் கீழ் இழப்பீடு உண்டு: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை. விலை, பில் தொடர்பான தகராறுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, வக்கீல் இல்லாமல், இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்தைத் தாண்டாதவரை கட்டணம் கிடையாது.