கிட்டார் வீடியோவுக்குக் காசு கட்டுமுன்

"மாமா, முப்பது நாள்ல முழுசா வாசிக்கலாம்னு போட்டிருக்காங்க. இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள கட்டினா பாதி விலையாம்."

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் அக்கா மகன் போனை நீட்டினான். விலை ஐயாயிரத்துச் சொச்சம். அக்கா எட்டிப் பார்த்து, "நாலு பேர் காசு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மலையகத்தில் விலைக்கு அதுதான் கணக்கு. ஒரு முழு நாள் வேலைக்கு ஒரு பேர். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு நாலு நாள் மழையில் நின்ற கூலியைத்தான் அந்த விளம்பரம் கேட்டது.

பயணக் களைப்பில் நான் "சரி, கட்டு" என்று சொல்லிவிட்டேன். பணம் யாரோ ஒருவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போனது. பற்றுச்சீட்டு வரவில்லை. ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். அதில் பன்னிரண்டு வீடியோக்கள் வந்தன, பாதிக்கு மேல் யூடியூபில் எவரும் சும்மா பார்க்கக் கூடியவை. மூன்றாவது வாரம் குழுவே கலைந்துவிட்டது. பிள்ளைக்கு வந்த கோபத்தைவிட, "எனக்குத்தான் வரலையோ" என்று அவன் தன்னையே நொந்துகொண்டதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. ஏமாந்த காசு திரும்பலாம். நமக்கு இசை வராது என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை முடிவு கட்டிவிட்டால் அதை யார் திருப்பித் தருவது?

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் பகுதியில் கிட்டார் ஆசை புதிதல்ல. தேவாலயப் பாடற்குழுவிலும் கல்யாண வீட்டிலும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' என்று இந்த நாட்டுத் தமிழ் பொப் இசை வளர்ந்ததே கிட்டாரின் தாளத்தில்தான். பள்ளிப் பாடத்திட்டத்தில் மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடமாக இருக்கிறது. ஆனால் எத்தனை தோட்டப் பாடசாலைகளில் அதற்கு ஆசிரியர் இருக்கிறார்? ஹட்டனுக்கு வகுப்புக்குப் போனால் பஸ் காசும் போய்வரும் நேரமும் வேறு. ஆகவே போன்தான் குரு.

'இத்தனை நாளில்' என்ற வாக்குறுதிக்கும் வயதாகிவிட்டது. 1957இல் இங்கிலாந்தில் பெர்ட் வீடன் எழுதிய கிட்டார் புத்தகத்தின் பெயரே 'ஒரே நாளில் வாசிக்கலாம்' என்ற பொருள் தரும். எரிக் கிளாப்டன் போன்றவர்கள் அதை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் அவர்களை ஆளாக்கியது பிறகு வந்த வருடக்கணக்கான பழக்கம். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் ஹாப்பி ட்ராம் ஒலிநாடாவில் பாடம் பதிந்து தபாலில் விற்றார். பிறகு வீடியோ நாடா, குறுவட்டு, இணையம். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜஸ்டின் சாண்டர்கோ 2003இலிருந்து நடத்தும் ஜஸ்டின்கிட்டார் தளத்தில் ஆரம்பப் பாடங்கள் வரிசையாக, இலவசமாக இருக்கின்றன. முதல் ஆறு மாதத்துக்கு ஒருவருக்கு வேண்டியதெல்லாம் காசில்லாமலே கிடைக்கும் காலம் இது. அதைத் தெரிந்துகொண்டுதான் விலைப்பட்டியலைப் பார்க்க வேண்டும்.

எந்த வீடியோ நல்லது? வீடியோவுக்கு வாய் உண்டு, காது இல்லை. நீங்கள் தப்பாக வாசித்தால் அது நிறுத்தச் சொல்லாது. எனவே உங்களையே உங்களுக்குக் காதாக இருக்கப் பழக்குகிற பாடமே நல்ல பாடம். அது முதலில் சுருதி சேர்க்கச் சொல்லும். தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதிர்வெண்ணில் ஏறத்தாழ 82, 110, 147, 196, 247, 330 ஹேர்ட்ஸ். வீடியோவில் ஆசிரியர் ஐந்தாம் தந்தியைத் திறந்து மீட்டும்போது அதை உங்கள் தந்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் அவர் கிட்டாரை அரைச் சுருதி இறக்கி வைத்திருக்கலாம், கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவை மாட்டியிருக்கலாம். சினிமாப் பாட்டு சொல்லித்தரும் வீடியோக்களில் இது அடிக்கடி நடக்கும். அதை வாய் திறந்து சொல்லாத ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளை, விரல் எல்லாம் சரியாக வைத்தும் பாட்டு சேரவில்லையே என்று தவிக்கும். அது பிள்ளையின் பிழை அல்ல.

அடுத்து, கேமரா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கையும் தெரிய வேண்டும். தந்தியை அழுத்தும் கை கிட்டத்தில் தெரிய வேண்டும், கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் எங்கே நிற்கிறது என்பது உட்பட. ஆசிரியரின் முகமும் பின்னால் எரியும் வண்ண விளக்கும் திரையை நிறைத்தால் அது கச்சேரி, பாடம் அல்ல. வேகமாக ஒருமுறை வாசித்துக் காட்டியவர் அதையே மெதுவாக, எண்ணிக்கை சொல்லி, இன்னொரு முறை வாசிக்கிறாரா? ஒரு கோர்டிலிருந்து, அதாவது ஒரு விரற்பிடியிலிருந்து, அடுத்ததற்கு விரல் எப்படி நகர்கிறது என்று காட்டுகிறாரா? கஷ்டம் கோர்டில் இல்லை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. ஜஸ்டினின் பாடத்தில் ஒரு நிமிடப் பயிற்சி உண்டு: இரண்டு கோர்டுகளுக்கு இடையே ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மாறினீர்கள் என்று எண்ணி எழுதி வைப்பது. இப்படி அளந்து பார்க்கச் சொல்லும் பாடத்தை நம்பலாம். முதல் பாடத்திலேயே, ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் எப் பார் கோர்டைப் பிடிக்கச் சொல்லும் வீடியோவை மூடிவிடுங்கள். ஈ மைனர், ஜி, சி, டி என்று தொடங்குபவர் ஆரம்பக்காரரின் கையைப் பார்த்திருக்கிறார்.

தாளம் சொல்லித்தரும் பகுதி எனக்குத் தனியாக முக்கியம். காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தாளத்தை அம்புக்குறி போட்டுப் புகட்ட வேண்டியதில்லை. உடம்பில் இருக்கும் எண்ணிக்கையை வலக் கைக்குக் கொண்டுவரச் சொன்னாலே போதும். இடக் கையால் தந்திகளைச் சும்மா தொட்டு ஒலியை அடைத்துக்கொண்டு, வலக் கையால் தாளம் மட்டும் வாசிக்கச் சொல்கிற பாடங்களைத் தேடிப் பாருங்கள்.

மொழியைப் பற்றி ஒன்று. தமிழில் நல்ல பாடம் கிடைத்தால் மிக நல்லது. ஆனால் கோர்டின் பெயர் எல்லா மொழியிலும் ஒன்றுதான். நம் பிள்ளைகளில் பலருக்குச் சிங்களம் காதில் விழுந்து பழக்கம். கேமரா நல்ல இடத்தில் இருக்கும் சிங்களப் பாடம், தமிழில் சளசளவென்று பேசும் மோசமான பாடத்தைவிட நன்றாகப் புரியும். ஆங்கிலம் தெரியாதே என்று பின்வாங்கவும் வேண்டாம். விரல் எங்கே இருக்கிறது என்பதற்கு இலக்கணம் கிடையாது.

டேட்டாவையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகள் நம் பிள்ளைகள். ஒரு மணி நேர வீடியோ 1080 தரத்தில் ஒன்றரை, இரண்டு ஜிகாபைட்டைத் தின்னும். 360 தரத்தில் சுமார் 300 மெகாபைட்டில் முடியும், விரல் அதிலும் தெரியும். யூடியூபில் வேகத்தை 0.75, 0.5 என்று குறைக்கலாம், அதற்குக் காசு இல்லை. பாடத்தை மெதுவாக்கித் தருவதாகச் சொல்லி விற்கும் செயலிகளை வாங்குமுன் இதை நினைவில் வையுங்கள். கடைகளில் பென் டிரைவில் நூற்றுக்கணக்கான பாடங்களைப் போட்டு விற்பதும் உண்டு. யாரோ உழைத்துச் செய்த பாடத்தை அனுமதியின்றிப் பிரதி எடுத்து விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குற்றம். வாங்குபவருக்கும் லாபமில்லை. எது முதல் பாடம், எது பத்தாம் பாடம் என்று தெரியாத குவியல் அது.

வலியைப் பற்றிப் பேசாத பாடம் முழுமையான பாடம் அல்ல. விரல் நுனி முதல் சில வாரம் எரியும், பிறகு தோல் தடிக்கும். அது இயல்பு. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி, விரலில் மரத்துப்போதல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். தொடர்ந்து இருந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். பல நேரம் குற்றம் கிட்டாரிலேயே இருக்கும். பன்னிரண்டாம் கட்டையில் தந்திக்கும் கட்டைக்கும் இடைவெளி மூன்று மில்லிமீற்றருக்கு வெகுவாக மேலே இருந்தால், பெரியவர்களுக்கே அழுத்தக் கஷ்டம். நுவரெலியாக் குளிரில், ஈரம் ஊறும் லயத்துச் சுவரில் சாத்தி வைத்த கிட்டாரின் கழுத்து வளையும், இரும்புத் தந்தி துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் தந்தியைத் துடைத்து உறையில் போடுங்கள். நைலோன் தந்திக்காகச் செய்த கிட்டாரில் வீடியோவைப் பார்த்து இரும்புத் தந்தி மாட்டாதீர்கள், இழுவை தாங்காமல் பாலம் பெயர்ந்து வரும்.

இனி, ஏமாந்தால் என்ன செய்வது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது விற்பவரின் கடமை. பொய்யான வாக்குறுதியும் திசைதிருப்பும் விளம்பரமும் சட்டத்துக்கு மாறானவை. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். "பார்ப்போம், பார்ப்போம்" என்று சம்பளத் தேதி இரண்டு போய்விடும். விவரம் கேட்க 1977 என்ற எண் இருக்கிறது. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தந்த உரிமை அது, யாரும் போடும் தயவு அல்ல.

வங்கி வழியாகப் பணம் போனால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மீட்கும் வாய்ப்பு குறையும். வங்கி சரியாகக் கவனிக்கவில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935இல் அழைக்கலாம். போலிப் பக்கம், திருடிய கணக்கு போன்றவற்றுக்கு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் எண் 101. 'ஏழு நாள் இலவசம்' என்று சொல்லி அட்டை எண்ணைக் கேட்கும் செயலி எட்டாம் நாள் காசை எடுக்கும். போனிலிருந்து செயலியை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது, கூகுள் பிளேயின் சந்தாப் பகுதிக்குள் போய் ரத்துச் செய்ய வேண்டும். செயலிகள் கேட்கும் அனுமதியையும் பாருங்கள். சுருதி சேர்க்கும் செயலிக்கு மைக் வேண்டும், நியாயம். உங்கள் தொடர்பு எண்களும் படங்களும் அதற்கு எதற்கு?

சான்றிதழ் தருவோம் என்பவர்களிடம் யார் தரும் சான்றிதழ் என்று கேளுங்கள். ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் போன்ற பரீட்சைச் சபைகளின் தரங்கள் பரீட்சைக்குத் தோற்றி, வாசித்துக் காட்டி எடுப்பவை, வீடியோ பார்த்து முடித்ததற்குக் கிடைப்பவை அல்ல. தொழிற்பயிற்சி நிறுவனம் என்று சொல்லிக்கொண்டால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று. 'நீ வாசிப்பதைப் பதிந்து அனுப்பு, திருத்தித் தருகிறேன்' என்று சொல்லும் ஆசிரியர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் பிள்ளைக்குத் தனியாக இரவில் அழைப்பு வருவது, கையைக் காட்டினால் போதும் என்ற இடத்தில் முகத்தையும் உடம்பையும் காட்டச் சொல்வது, 'வீட்டில் சொல்லாதே' என்பது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் அது பாடம் அல்ல. உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929ஐ அழையுங்கள். வந்து சொன்னதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.

எங்கள் வீட்டு விஷயத்தில், குழு கலைந்ததும் விளம்பரமும் மறைந்துவிட்டது. கையில் இருந்தது பணம் போட்ட வங்கித் துண்டு மட்டும் என்று நினைத்தோம். ஆனால் அக்கா மகன் கட்டிய அன்று இரவே கூட்டாளிக்குப் பெருமையாகக் காட்ட அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தான். விலை, வாக்குறுதி, தேதி, கணக்கு எண் எல்லாம் அதில் இருந்தன. அதையும் வங்கித் துண்டின் பிரதியையும் இணைத்து, அவனே தமிழில் ஒரு பக்கம் எழுதி, பதிவுத் தபாலில் போட்டோம். மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பதில் இன்னும் வரவில்லை. அதுவரை அவன் இலவசப் பாடத்தில் இருக்கிறான். ஈ மைனரிலிருந்து சி கோர்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை மாற்றம் என்று பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வருகிறான். முதல் நாள் பதினொன்று. போன ஞாயிறு இருபத்தெட்டு.